முதல் கஸ்டம் ரைஃபிள்: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுதலில் கொஞ்ச காலம் ஊறியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். கடையில் இருப்பதை அப்படியே வாங்காமல், பேரல் (குழல்) இது, ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் உடல்) அது, ட்ரிகர் (விசை) இன்னொன்று என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நம் உடம்புக்கும் தேவைக்கும் ஏற்ற ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் என்ன? நல்ல ஆசைதான். ஆனால் தேட ஆரம்பித்த ஒரு வாரத்திலேயே தலை சுற்றிவிடும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஏகப்பட்ட தயாரிப்பாளர்கள், ஒவ்வொருவரைப் பற்றியும் ஆளுக்கொரு கருத்து.

எந்த முடிவை முதலில் எடுப்பது, எதை அப்புறம் எடுப்பது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ரைஃபிளில் ஒன்றை முடிவு செய்தவுடனே அது அடுத்ததற்கு இருக்கும் வாய்ப்புகளைக் குறுக்கிவிடுகிறது. என்ன வேலைக்கு என்பது தோட்டாவைத் தீர்மானிக்கும். தோட்டா ஆக்‌ஷனைத் தீர்மானிக்கும். ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி, சுடும்போது அடைத்துப் பிடிக்கும் பகுதி) பேரலையும் ஸ்டாக்கையும் ட்ரிகரையும் தீர்மானிக்கும். இதைத் தலைகீழாகச் செய்தால், அழகாக இருக்கிறதே என்று முதலில் வாங்கிய ஸ்டாக்குக்குள் பின்னால் வாங்கிய ஆக்‌ஷன் உட்காராது.

இங்கே பேசப்போவது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பற்றி மட்டும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. வேட்டைக்கும் தூர இலக்குச் சுடுதலுக்கும் அதிகம் பயன்படுவது இதுதான். முதல்முறை கட்டுகிறவர் புரிந்துகொள்ள எளிதானதும் இதுதான்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை

அமெரிக்கச் சட்டப்படி வரிசை எண் பொறித்த ஆக்‌ஷன் தான் ‘துப்பாக்கி’. பேரல், ஸ்டாக், ட்ரிகர், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எல்லாம் வெறும் உதிரிப் பாகங்கள். பெரும்பாலான மாநிலங்களில் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ஆக்‌ஷன் மட்டும் அப்படி வராது. இணையத்தில் பணம் கட்டினாலும் அது கூட்டாட்சி உரிமம் பெற்ற ஒரு கடைக்குத்தான் போகும். நீங்கள் அங்கே போய் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே கையில் கிடைக்கும். இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு விதிகளை வைத்திருக்கிறது. டெக்சாஸில் சரியாக இருப்பது கலிஃபோர்னியாவில் சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று இதில் இறங்க வேண்டாம்; குடியேற்ற நிலையே பாதிக்கப்படும் விஷயம் இது. வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதும் மாற்றி அமைப்பதும் குற்றம். இந்தக் கட்டுரை அங்கே செய்து பார்ப்பதற்கானது இல்லை.

என்ன வேலைக்கு?

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ரைஃபிளை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? ‘எல்லாவற்றுக்கும்’ என்று பதில் சொன்னால் எதற்கும் சரியாக இல்லாத ஒன்றுதான் கிடைக்கும்.

கொலராடோ மலையில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு நாள் முழுக்க ஏறி இறங்குகிறவருக்கு ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை, நான்கு கிலோவுக்குள் இருக்க வேண்டும். அவர் ஒரு நாளில் ஒருமுறை சுட்டாலே அதிகம். பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் என்ற போட்டிக்குப் போகிறவருக்கு நேர் எதிர்: ஏழு, எட்டு, சிலசமயம் ஒன்பது கிலோ வரை கனமாகவே கட்டுவார்கள். மரப்பலகை, டயர், ஏணி என்று எதன் மேல் வைத்துச் சுட்டாலும் ரைஃபிள் ஆடாமல் இருக்க அந்தக் கனம் உதவுகிறது. குப்புறப் படுத்து 1,000 கஜம் வரை காகித இலக்கைச் சுடும் எஃப்-டிஆர் போட்டி என்றால் விதிப் புத்தகமே பாதி முடிவை எடுத்துவிடும். .223 ரெமிங்டன் அல்லது .308 வின்செஸ்டர் தோட்டா மட்டும்தான், பைபாட் (ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால்), ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொரு கேள்வியும் முக்கியம். உங்கள் ஊர் ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) எவ்வளவு தூரம் சுட முடியும்? வாரா வாரம் போகப்போவது 100 கஜ ரேஞ்ச் என்றால், 1,500 கஜத்துக்கு வடிவமைத்த ரைஃபிள் உங்களுக்கு எதற்கு?

தோட்டா

முதல் கஸ்டம் ரைஃபிளுக்கு என்னிடம் கேட்டால் 6.5 க்ரீட்மோர் என்றுதான் சொல்வேன். ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்தது; இலக்குப் போட்டியை மனதில் வைத்தே உருவாக்கியது. இதன் குண்டு (தோட்டாவிலிருந்து பறந்துபோகும் பகுதி) நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பக்கக் காற்றில் அதிகம் விலகாது. தோளில் உதைப்பது .308ஐ விடக் குறைவு. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் இன்றும் அருமையான தோட்டாதான், ஆனால் 1,000 கஜத்தை அடையும்போது அதன் வழக்கமான குண்டு ஒலியின் வேகத்துக்கு அருகில் தளர்ந்துவிடும். க்ரீட்மோர் அதற்கு அப்பாலும் தெம்போடு போகும்.

.308க்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பேரல் ஆயுள். நல்ல .308 பேரல் ஐயாயிரம் முறைக்கு மேல் சுட்டாலும் துல்லியம் தாங்கும். க்ரீட்மோருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாதம் நூறு சுட்டாலும் இரண்டு ஆண்டு ஓடிவிடும் என்பதால் தொடக்கக்காரர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

எந்தத் தோட்டாவாக இருந்தாலும், உங்கள் ஊர்க் கடைகளில் தொடர்ந்து கிடைக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வந்த, எல்லோரும் வாய் ஓயாமல் பேசும் தோட்டா ஒன்றுக்கு ரைஃபிள் கட்டிவிட்டு, பெட்டி தோட்டாவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பட்ஜெட் குறைவு, அல்லது இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று தெரியவில்லை என்றால், ரூகர் 10/22 என்ற சின்ன .22 ரைஃபிளில் ஆரம்பிக்கலாம். இது போல்ட் ஆக்‌ஷன் இல்லை, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. 1964இலிருந்து வருகிறது. இதற்குக் கிடைக்கும் மாற்றுப் பாகங்கள் போல வேறு எதற்கும் கிடைப்பது அபூர்வம். பேரலைப் பிடித்திருப்பது ஒரு சிறிய ‘வி’ வடிவக் கட்டையும் இரண்டு திருகுகளும்தான். வீட்டு மேசையில் வைத்தே மாற்றிவிடலாம். தோட்டாவும் மலிவு. பாகம் மாற்றினால் என்ன மாறுகிறது என்பதைக் கையாலேயே உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆக்‌ஷன்

போல்ட்டும் அது ஓடும் கூடும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன். சுடும்போது சேம்பருக்குள் (பேரலில் தோட்டா உட்காரும் அறைக்குள்) எழும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்வது இதுதான். .308க்கும் 6.5 க்ரீட்மோருக்கும் அந்த அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்ட். உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நடக்கும் காரியம் இது. ஆகவே பெயர் தெரியாத இடத்தில் ஆக்‌ஷன் வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

தேர்ந்தெடுக்கும்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘ரெமிங்டன் 700 ஃபுட்பிரின்ட்’. ரெமிங்டன் நிறுவனம் 1962இல் கொண்டுவந்த மாடல் 700 மிகப் பரவலாக விற்றது. அதனால் ஸ்டாக் செய்பவர்களும் ட்ரிகர் செய்பவர்களும் அதன் அளவுகளுக்கே செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு புதிதாக ஆக்‌ஷன் செய்ய வந்தவர்களும் அதே வடிவத்தை வைத்துக்கொண்டார்கள்: அடிப்பக்கம் உருளை, இரண்டு திருகு ஓட்டைகள் அதே இடத்தில், ட்ரிகரைத் தாங்கும் ஊசிகள் அதே இடத்தில். இன்று டிஃபையன்ஸ், ஜெர்மாட், இம்பாக்ட், ஏரோ பிரிசிஷன் என்று பல நிறுவனங்களின் ஆக்‌ஷன்கள் இந்த அளவில்தான் வருகின்றன. முதல்முறை கட்டுகிறவர் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் பின்னால் எதைத் தேடினாலும் கிடைக்கும். டிக்கா, ஹோவா ஆகியவையும் அருமையான ஆக்‌ஷன்கள், போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும்; ஆனால் அவற்றுக்கு ஸ்டாக் வகைகள் குறைவு.

‘700 அளவு’ என்று போட்டிருந்தாலும் அப்படியே நம்பிவிட வேண்டாம். போல்ட் கைப்பிடி இறங்கும் இடத்தில் ஸ்டாக்கில் வெட்டு கொஞ்சம் மாறலாம். பின்னுதைப்பைத் தாங்கும் ரீகாயில் லக்கின் தடிமன் மாறலாம். ஆக்‌ஷன் செய்தவரின் தளத்திலேயே எந்த ஸ்டாக் பொருந்தும், எதைச் செதுக்க வேண்டியிருக்கும் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இரண்டு அளவுகளை மட்டும் சரியாகச் சொல்லி வாங்க வேண்டும். ஒன்று நீளம்: .308, 6.5 க்ரீட்மோர் எல்லாம் ஷார்ட் ஆக்‌ஷன்; .30-06 போன்ற நீளத் தோட்டாக்களுக்கு லாங் ஆக்‌ஷன். இன்னொன்று போல்ட் முகத்தின் விட்டம். .308, 6.5 க்ரீட்மோர், .243, .30-06 எல்லாவற்றுக்கும் அடிப்பகுதி ஒரே விட்டம், 0.473 அங்குலம். ஆகவே ஒரே ஷார்ட் ஆக்‌ஷனை வைத்துக்கொண்டு நாளைக்கு பேரலை மட்டும் மாற்றி .308இலிருந்து க்ரீட்மோருக்குப் போய்விடலாம். .223க்கும், மேக்னம் எனப்படும் சக்தி கூடிய தோட்டாக்களுக்கும் போல்ட் முகமே வேறு.

பேரல்

பணத்தை இளகிய மனதோடு செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். ரைஃபிளின் துல்லியத்தில் பேரலுக்கும், அதில் சேம்பர் வெட்டியவரின் கைக்கும் இருக்கும் பங்கு வேறு எந்தப் பாகத்துக்கும் இல்லை.

முன்பெல்லாம் வெறும் பேரலை வாங்கி கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி வேலை செய்பவரிடம்) கொடுத்து, அவர் லேத்தில் மரை வெட்டி, சேம்பர் குடைந்து, உங்கள் ஆக்‌ஷனுக்கென்றே பொருத்தித் தருவார். மாதக்கணக்கில் ஆகும். இப்போது ஆக்‌ஷன்களை மிகத் துல்லியமாகச் செய்ய முடிவதால் ‘ப்ரீஃபிட்’ பேரல்கள் வந்துவிட்டன. இன்ன நிறுவனத்தின் இன்ன ஆக்‌ஷன் என்று சொன்னால் மரையும் சேம்பரும் முடித்தே அனுப்புவார்கள். சாவேஜ் நிறுவனம் தன் 110 ரைஃபிளில் பேரலை ஒரு பெரிய நட்டால் இறுக்கும் முறையைப் பயன்படுத்தி இதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. வீட்டில் கட்ட நினைப்பவருக்கு ப்ரீஃபிட் வரப்பிரசாதம்.

ஆனால் ப்ரீஃபிட்டோ இல்லையோ, ஹெட்ஸ்பேஸைச் சோதிக்காமல் ஒரு தோட்டாவைக் கூடச் சுடக் கூடாது. போல்ட் முகத்துக்கும், சேம்பரில் தோட்டாவின் தோள் (கழுத்தை நோக்கிச் சரியும் பகுதி) போய் முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ். அது குறைவாக இருந்தால் போல்ட் மூடாது. அதிகமாக இருந்தால் தோட்டாக் கூடு நீண்டு பிளந்து, கொதிக்கும் வாயு பின்பக்கம் வரும். சோதிப்பதற்கு எஃகில் செய்த இரண்டு கேஜ்கள் விற்கின்றன: கோ, நோ-கோ. .308க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். போல்ட்டிலிருந்து ஊசியையும் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைப்பது) எஜெக்டரையும் (காலிக் கூட்டை வெளியே தள்ளுவது) கழற்றிவிட்டு, கோ கேஜை வைத்து இரண்டு விரலால் மெதுவாகக் கைப்பிடியை இறக்கினால் அது முழுக்கக் கீழே விழ வேண்டும். நோ-கோவை வைத்தால் பாதி வழியில் நின்றுவிட வேண்டும். அப்படி நிற்காமல் மூடிக்கொண்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். கேஜ் வாங்கவே மனமில்லை என்றால் பேரலை மாட்டும் வேலையை முழுக்க அவரிடமே விட்டுவிடலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது ட்விஸ்ட். பேரலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்கள் குண்டைச் சுழல வைக்கின்றன. பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்பதைப் போல, குண்டும் போதிய வேகத்தில் சுழன்றால்தான் மூக்கை முன்னால் வைத்துப் பறக்கும். குண்டு நீளமாக ஆக, சுழற்சியும் அதிகம் வேண்டும். ‘1:8’ என்றால் எட்டு அங்குலப் பயணத்தில் ஒரு முழுச் சுற்று. 6.5 க்ரீட்மோருக்கு 1:8 என்பது நிலைத்துவிட்ட வழக்கம். .308க்கு 1:10 எடுத்தால் எல்லா எடைக் குண்டுக்கும் சரிவரும். .223இல் மட்டும் யோசிக்க வேண்டும்: 55 க்ரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுக்கு 1:12 போதும், 77 க்ரெய்ன் போட ஆசைப்பட்டால் 1:8 அல்லது 1:7 தேவை.

நீளம்? இலக்குக்கு 24 முதல் 26 அங்குலம், காட்டுக்குள் நடக்க 20 முதல் 22. ஓர் அங்குலம் குறைத்தால் குண்டின் வேகம் விநாடிக்கு இருபது, இருபத்தைந்து அடி குறையும் என்று தோராயமாகச் சொல்வார்கள். புதர்களுக்கிடையே வேட்டைக்குப் போகிறவருக்கு அந்த இழப்பு பொருட்டே இல்லை.

தடிமனில்தான் பலர் ஆசைப்பட்டுத் தடுமாறுகிறார்கள். தடித்த பேரல் அடுத்தடுத்துச் சுட்டாலும் சீக்கிரம் சூடேறாது, அதனால் குண்டுகள் விழும் இடமும் மாறாது. ஆனால் கனம். மெல்லிய ஸ்போர்ட்டர் பேரல் மூன்று நான்கு குண்டிலேயே சூடாகிவிடும். வேட்டைக்கு அது போதும். கார்பன் இழை சுற்றிய பேரல்கள் இரண்டையும் சமன்செய்யப் பார்க்கின்றன, விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதல் ரைஃபிளுக்கு நடுத்தரத் தடிமனில் 416ஆர் ஸ்டெயின்லெஸ் பேரல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக், ட்ரிகர்

ஸ்டாக்கில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் உடம்பு. முழங்கையை மடக்கி, பட்டையை (ஸ்டாக்கின் பின்முனையை) தோளில் பதித்தால் ட்ரிகர் விரல் இயல்பாகப் போய்ச் சேர வேண்டும். கழுத்தை நீட்டினால் பட்டை நீளம். மூக்கில் கட்டைவிரல் இடித்தால் குட்டை. தொழிற்சாலை ஸ்டாக்குகள் பெரும்பாலும் சராசரி அமெரிக்க ஆணின் உயரத்தை வைத்துச் செய்தவை. நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், நீளத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்டாக் பெரிய நிம்மதி.

கன்னம் வைக்கும் இடத்தின் உயரம் அதைவிட முக்கியம். இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி, வசதியாகக் கன்னத்தைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் முழு வட்டமும் கறுப்பு ஓரமில்லாமல் தெரிந்தால் உயரம் சரி. தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் சரியில்லை. உயரம் மாற்றும் கன்னப் பலகை இருக்கும் ஸ்டாக்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அலுமினிய சேஸிஸ் வாங்குவதா, ஃபைபர்கிளாஸ் ஸ்டாக்கா? சேஸிஸில் ஆக்‌ஷன் நேராக உலோகத்தில் உட்காரும், திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. ஃபைபர்கிளாஸ் அல்லது மர ஸ்டாக்கில் ஆக்‌ஷனுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே எபாக்சி ஊற்றி அச்சுப்போல் பதிய வைக்கும் ‘பெட்டிங்’ வேலை தேவைப்படலாம். குளிர் பிரதேசத்தில் வேட்டையாடுகிறவர் அலுமினியத்தைக் கன்னத்தில் வைக்க விரும்பமாட்டார். மற்றபடி முதல்முறை கட்டுகிறவருக்கு சேஸிஸ் எளிது. ஏஐசிஎஸ் வகை மேகசினும் (கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி) அதில் பிரச்சினையில்லாமல் பொருந்தும். எதை எடுத்தாலும் பேரல் ஸ்டாக்கை எங்கும் தொடக் கூடாது. ஒரு டாலர் நோட்டை பேரலுக்கு அடியில் விட்டு ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள், எங்கும் சிக்காமல் போக வேண்டும்.

ட்ரிகரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்ரிகர்டெக், டிம்னி போன்ற தெரிந்த நிறுவனத்திடம் வாங்குங்கள். அதை இழுக்கத் தேவைப்படும் விசை வேட்டைக்கு இரண்டரை முதல் மூன்றரை பவுண்ட், மேசையில் வைத்து இலக்கு சுடுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு. ரொம்ப இலேசாக வைத்துக்கொள்வது திறமை இல்லை. 2014இல் ரெமிங்டன் நிறுவனமே எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் வைத்த மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களை, விரல் படாமலே வெடிக்கும் அபாயம் இருப்பதாகச் சொல்லித் திரும்பப் பெற்றது. பழைய ரெமிங்டனை வாங்கி அதன் மேல் கட்டப்போகிறவர்கள் அந்த வரிசை எண்ணை முதலில் சரிபார்க்க வேண்டும். புதிய ட்ரிகரை மாட்டியதும், காலி ரைஃபிளில் போல்ட்டை வேகமாக மூடிப் பாருங்கள், பட்டையைத் தரையில் தட்டிப் பாருங்கள். ஊசி தானாக விழுந்தால் அந்த ட்ரிகரோடு ரேஞ்சுக்குப் போகக் கூடாது.

ஸ்கோப்பும் அதைத் தாங்குவதும்

ரைஃபிளுக்குச் செலவு செய்த அளவுக்கு ஸ்கோப்புக்கும் செலவு செய் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவ்வளவு வேண்டியதில்லை என்றாலும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலை குறைந்த ஸ்கோப்பில் பெரும்பாலும் கண்ணாடி கெட்டதாக இருக்காது. குறியை ஏற்றி இறக்கும் திருகியைத் திருப்பினால் சொன்ன அளவு நகராது, திருப்பி வைத்தால் பழைய இடத்துக்கு வராது. அதுதான் சிக்கல்.

குறியை எவ்வளவு நகர்த்துகிறோம் என்று சொல்ல மில், எம்ஓஏ என்று இரண்டு கோண அளவு முறைகள் உண்டு. ஒரு எம்ஓஏ என்பது 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். 0.1 மில் என்பது 100 மீட்டரில் சரியாக ஒரு சென்டிமீட்டர். மெட்ரிக்கில் படித்து வளர்ந்த நமக்கு மில் சட்டென்று பிடிபட்டுவிடும். எதை எடுத்தாலும் கண்ணாடிக்குள் இருக்கும் கோடுகளும் வெளியே இருக்கும் திருகியும் ஒரே முறையில் இருக்க வேண்டும். தூரத்துக்குத் தூரம் மாற்றிச் சுடப்போகிறீர்கள் என்றால் முதல் குவியத் தளத்தில் கோடு இருக்கும் வகையை எடுங்கள். அதில் ஜூம் எதுவாக இருந்தாலும் கோடுகள் காட்டும் அளவு மாறாமல் பொருந்தும்.

உருப்பெருக்கத்தில் பேராசை வேண்டாம். 25 மடங்கு வைத்தால் வெயில் நேரத்துக் கானல் அலைதான் பெரிதாகத் தெரியும். 1,000 கஜத்தில் கூட பலர் 12 முதல் 16 மடங்கில்தான் சுடுகிறார்கள்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்குகளில் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். அது தவறான இடம். ஸ்கோப் குழாயின் விட்டம் 30 மில்லிமீட்டரா 34 மில்லிமீட்டரா என்று பார்த்து அதே அளவு ரிங் வாங்குங்கள். நெடுந்தூரம் சுடுவதற்கு ஆக்‌ஷனின் மேல் 20 எம்ஓஏ சாய்வுள்ள பிகட்டினி ரெயில் (ரிங்குகளை மாட்டும் பள்ளங்கள் வெட்டிய தண்டு) நல்லது. போகப்போகக் குண்டு கீழே இறங்குவதை ஈடுசெய்ய ஸ்கோப்பில் கூடுதல் இடம் கிடைக்கும். திருகுகளைக் கை உணர்வில் இறுக்கக் கூடாது. ரிங் மூடிகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்ட், ஸ்டாக்கைப் பிடிக்கும் ஆக்‌ஷன் திருகுகளுக்கு சேஸிஸில் 65 வரை. தயாரிப்பாளர் சொன்ன எண்ணே இறுதி. இதற்கென்று, இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். துணைக்கருவிகளில் நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான்.

மீதித் துணைக்கருவிகள்

பைபாட், அப்புறம் பட்டைக்கு அடியில் வைக்கும் ஒரு சின்ன மணல் பை. பைபாட்டுக்கு ஹாரிஸ் 6-9 அங்குலம், பக்கவாட்டில் சாயும் வகை, பல வருடமாக எல்லோரும் நம்பிப் பயன்படுத்துவது. பையின் விலை பைபாட்டில் கால்பங்கு கூட இருக்காது, ஆனால் அதைக் கையால் பிசைந்து ரைஃபிளை ஏற்றி இறக்கப் பழகிவிட்டால் இலக்கில் உடனே வித்தியாசம் தெரியும். வேட்டைக்கு என்றால் ஒரு நல்ல தோள்பட்டி.

பேரல் நுனியில் மரை வெட்டி வருகிறதா என்று பாருங்கள், 5/8-24 என்பது வழக்கமான அளவு. அதில் மஸில் பிரேக் (வெளியேறும் வாயுவைத் திசைதிருப்பும் சிறு குழாய்) மாட்டினால் உதைப்பு நன்றாகக் குறையும். அதற்கு விலையாக, சத்தம் உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பயங்கரமாக ஏறும். காதுக்குள் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு பாதுகாப்பும் போட்டுக்கொள்ளுங்கள். 6.5 க்ரீட்மோருக்கு ஆரம்பத்தில் பிரேக் அவசியமே இல்லை. சைலன்சர் என்று நாம் சொல்லும் சப்ரெஸர் 1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருகிறது. கூட்டாட்சிப் பதிவும் ஒப்புதலும் வேண்டும், சில மாநிலங்களில் அனுமதியே கிடையாது.

பணக் கணக்கு தோராயமாக இப்படி வரும்: ஆக்‌ஷன் 800 முதல் 1,500 டாலர், ப்ரீஃபிட் பேரல் 400 முதல் 800, சேஸிஸ் 400இலிருந்து ஆயிரத்துக்கு மேல், ட்ரிகர் 150 முதல் 300. ஸ்கோப் தனி. தொழிற்சாலை டிக்காவோ பெர்காராவோ இதில் பாதி விலைக்குக் கிடைக்கும், 100 கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் சுடவும் சுடும். பணத்தை மிச்சம் பிடிக்க என்று யாரும் கஸ்டம் கட்டக் கூடாது. உடம்புக்குப் பொருந்துவது, பேரல் தேய்ந்தால் நாமே மாற்றிக்கொள்வது, ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது, இதற்காகக் கட்டுங்கள். எவ்வளவு பட்ஜெட் போட்டாலும் இருநூறு மேட்ச் (போட்டித் தர) தோட்டாவுக்கான பணத்தை முதலிலேயே எடுத்து ஒதுக்கிவிடுங்கள். ஒரே லாட் எண்ணில் (ஒரே தொகுதியாகத் தயாரானதை) வாங்கினால் இன்னும் நல்லது.

முதல் நாள் ரேஞ்சில் ஜீரோ செய்த (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) பிறகு மூன்று குண்டு சுட்டு அளந்து மகிழ வேண்டாம். மூன்று குண்டு எதையும் நிரூபிக்காது. ஒரே இலக்கில் பத்து சுடுங்கள். அந்தப் பத்தின் பரப்புதான் உங்கள் ரைஃபிளும் நீங்களும் சேர்ந்து தரும் உண்மையான துல்லியம். அன்று இருபது முப்பது சுட்டு முடித்ததும் ஆக்‌ஷன் திருகுகளையும் ரிங் திருகுகளையும் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள், புதிய ரைஃபிளில் கொஞ்சம் தளர்வது வழக்கம். ஒவ்வொரு திருகுக்கும் எந்த எண் வைத்தீர்கள், எந்த லாட் தோட்டா, மொத்தம் எத்தனை சுட்டாயிற்று என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த பேரலை எப்போது ஆர்டர் செய்ய வேண்டும் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வீர்கள்.